பளந்தான், சிஸ்டர்

ஜனவரி 27, செவ்வாய்

இன்சூரன்ஸ் ஏஜென்ட் கொடுத்த டைரி இது. மளிகைச் சாமான் எழுதுவதற்கென்று வைத்திருந்தேன். இனிமேல் நடப்பதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும் போலிருக்கிறது. நாளைக்கு ஒரு பேச்சு வந்தால், இந்தத் தேதியில் இது நடந்தது என்று எடுத்துக் காட்ட வேண்டாமா?

ஆஸ்பத்திரி நோட்டீஸ் போர்டில் சுற்றறிக்கை ஒட்டியிருக்கிறார்கள். சுகர் கிளினிக்கில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் 'மோட்டிவேஷனல் இன்டர்வியூ' பயிற்சியாம். சென்னையிலிருந்து ஆட்கள் வருகிறார்களாம். கட்டாயமாம். இன்டர்வியூ என்ற வார்த்தையைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. ஊசி போட்டுப் போட்டே தலை நரைத்தவளுக்கு இப்போது என்ன இன்டர்வியூ? ஆள் எடுப்பதற்கு இல்லை, இருக்கிற ஆளை எடுத்துவிடுவதற்கு. எனக்கு வயது ஐம்பத்தாறு. இந்தக் கிளினிக்கின் இன்சார்ஜ் சிஸ்டர். எடுப்பதென்றால் முதலில் என்னைத்தான் எடுப்பார்கள்.

மேட்ரனிடமே போய்க் கேட்டேன். "ஏ தங்கபுஷ்பம், அது வேலை இன்டர்வியூ இல்லம்மா. பேஷன்ட்டுக்கிட்ட எப்பிடிப் பேசணும்னு சொல்லிக் குடுக்காவ" என்றார். அதோடு விட்டாரா? பீரோ பக்கம் திரும்பிக்கொண்டு இன்னும் ஏதோ முணுமுணுத்தார். என் காதில் விழக்கூடாது என்றுதானே திரும்பிக்கொள்வது? முகத்தைப் பார்த்துப் பேசாதவர்களை நான் நம்புவதில்லை.

இன்றைக்குக் கிளினிக்கில் கொம்பையா வந்தார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பரோட்டாக் கடையில் மாஸ்டர். வலது காலில் கொதிக்கிற எண்ணெய் கொட்டியது கூடத் தெரியாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்த மனுஷன். சுகரில் கால் அப்படி மரத்துப் போயிருக்கிறது. இரண்டாவது விரலில் புண். இன்சுலின் எழுதிக் கொடுத்தும் சுகர் நானூறைத் தாண்டி நிற்கிறது.

"என்ன கொம்பையா, ஊசி போடுதியளா இல்லையா? இப்பிடி ஏறிக் கெடக்கே, என்ன விசயம்?" என்று கேட்டேன்.

தரையைப் பார்த்துக்கொண்டு சொல்கிறார்: "பளந்தான், சிஸ்டர்."

பழமாம்! எனக்கு வந்ததே ஆத்திரம். "விரலு அழுகப் போகுது, ஒமக்குப் பளம் கேக்குதோ? நாட்டுப்பளமா, சப்போட்டாவா? தாரோட வாங்கித் தொங்க விட்டிருக்கியளோ வீட்டுல?" என்று வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். அவர் சீட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வாரா வாரம் இதே கதைதான். செவிடன் காதில் ஊதிய சங்கு.


பிப்ரவரி 3, செவ்வாய்

சென்னை ஆட்கள் வந்துவிட்டார்கள். இரண்டு பேர். டாக்டர் வசுமதி, சின்ன வயதுப் பெண். பூ உதிர்கிற சத்தத்தில் பேசுகிறாள். முன் வரிசையில் போய் உட்கார்ந்தும் பாதி புரியவில்லை. இன்னொருவர் கார்வண்ணன். அவரும் நர்ஸ்தானாம். மூஞ்சி பூராவும் தாடி, வாயையே மூடிக்கொண்டு மீசை. தாடிக்குள்ளேயே பேசித் தாடிக்குள்ளேயே முடித்துக்கொள்கிறார். தாடிக்காரனை நம்பக் கூடாது என்று எங்கள் அப்பா சொல்வார்.

அவர்கள் சொன்னதில் எனக்குப் பிடிபட்டது இதுதான். நோயாளியைத் திட்டக் கூடாது. 'ஏன்' என்று ஆரம்பித்துக் கேள்வி கேட்கக் கூடாது, அது குற்றம் சாட்டுவது போல இருக்குமாம். 'ஒரு விஷயம் சொல்லட்டுமா' என்று அனுமதி வாங்கிக்கொண்டுதான் புத்தி சொல்ல வேண்டுமாம். மாற வேண்டும் என்ற பேச்சு நம் வாயிலிருந்து வரக்கூடாது, அவர்கள் வாயிலிருந்து வர வேண்டுமாம். அதற்கு வழி என்னவென்றால், அவர்கள் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டுமாம். கிளிப்பிள்ளை வேலை! இதைச் சொல்லித் தர ரயிலேறி வந்திருக்கிறார்கள்.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. கிளினிக்கில் நாங்கள் பேசுவதை, நோயாளி சம்மதித்தால், ரெக்கார்டு பண்ணுவார்களாம். "உங்களைக் குறை சொல்ல இல்லைங்க, நீங்களே கேட்டுப் பார்த்துக்கத்தான்" என்கிறாள் வசுமதி. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். யார் திட்டுகிறாள் என்று டேப்பில் பிடித்து மேனேஜ்மென்ட் கையில் கொடுக்கத்தான் இத்தனையும்.

ஜோடி ஜோடியாக உட்கார வைத்தார்கள். எனக்குப் பிரிஸில்லா. என் கீழே வேலை பார்க்கிற பிள்ளைதான். சமீப காலமாக நிழல் மாதிரி என் பின்னாலேயே நிற்கிறாள். டோக்கன் கூப்பிட்டால், பேஷன்ட் பேர் சொன்னால், எல்லாவற்றையும் என் பக்கத்தில் வந்து ஒரு தடவை உரக்கச் சொல்கிறாள், எனக்கென்னவோ ஒன்றும் தெரியாத மாதிரி. என் நாற்காலி மேல் கண் வைத்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். அவள் மாற்றிக்கொள்ள விரும்பும் ஒன்றைச் சொல்ல வேண்டும், நான் திருப்பிச் சொல்ல வேண்டும். அவள் சொன்னாள். நான், "கடைக்குப் போறதக் கொறைக்கணும்னு நெனைக்கா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பிரிஸில்லாவும் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா சிஸ்டர், கடைதான்" என்றாள். அப்புறம் டீ குடிக்கும்போது ஒருத்தி, அவள் சொன்னது கடையை இல்லை, எடையை என்கிறாள். பேச்சை மாற்றுகிறார்கள். என்னைக் கோமாளியாக்க எல்லோரும் சேர்ந்து செய்கிற வேலை.

நீல அட்டை போட்ட டைரி ஒன்று கொடுத்திருக்கிறார்கள், தினமும் 'உணர்ந்ததை' எழுத வேண்டுமாம். அதில் 'பயிற்சி மிகப் பயனுள்ளதாக இருந்தது' என்று எழுதினேன்.


பிப்ரவரி 5, வியாழன்

சாளைக் கருவாடு, கத்தரிக்காய். டி.வி. சத்தத்தை வீட்டுக்காரர் குறைத்தார், நான் கூட்டினேன், அவர் குறைத்தார். எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.


பிப்ரவரி 8, ஞாயிறு

சர்ச்சில் புது பாஸ்டர். மைக் சரியில்லை. யாரும் சொல்வாரில்லை.

மத்தியானம் கோயம்புத்தூரிலிருந்து மகள் போன். என்னம்மா சொல்லுகிறாய் என்று கேட்டுக் கேட்டு எனக்கும் சலித்தது, அவளுக்கும் சலித்தது. "அப்பாகிட்ட குடு" என்றாள். அதுமட்டும் தெளிவாகக் கேட்டது. அப்பாவும் மகளும் என்ன ரகசியமோ, அவர் மாடிப்படிக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். என்ன என்று கேட்டால் "ஒண்ணுமில்ல!" என்று கத்துகிறார். தபால் ஆபீசில் இருந்தவரைக்கும் ஒரு ஈ எறும்பை அதட்டியறியாத மனுஷன், ரிட்டயர் ஆனதிலிருந்து என்னிடம் பேசுவதெல்லாம் கத்தல்தான். இந்த வயதில் என்னைக் கண்டால் அவருக்கு அவ்வளவு கசக்கிறதா என்ன? அழுகையாக வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.


பிப்ரவரி 10, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கொம்பையா வந்தார். விரல் கறுத்துவிட்டது. சர்ஜன் பார்த்துவிட்டு, சீக்கிரம் இந்த ஒரு விரலை எடுத்தால் கால் தப்பும், தள்ளிப்போட்டால் பாதத்தையே எடுக்க வேண்டி வரும் என்று சொல்லி, பேசிச் சம்மதிக்க வைக்கச் சொல்லி என்னிடம் அனுப்பினார். மூலையில் வசுமதியும் தாடிக்காரரும். மேஜைமேல் ரெக்கார்டர். கொம்பையா சரி என்று தலையாட்டினார்.

மனதுக்குள் கறுவிக்கொண்டேன். கிளிப்பிள்ளை வேலைதானே வேண்டும்? இந்தா பிடியுங்கள் என்று ஆரம்பித்தேன். "டாக்டரு சொன்னதப் பத்தி நீங்க என்ன நெனைக்கிய, கொம்பையா?" என்று பதமாகக் கேட்டேன். அவர் காலைப் பார்த்துக்கொண்டே, "பளந்தான், சிஸ்டர்" என்றார்.

விரலை எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது, இன்னமும் பழம்! நாக்கு நுனி வரைக்கும் வந்தது வசவு. விழுங்கிவிட்டு, அவர்கள் சொல்லிக் கொடுத்தபடியே, "ஓ, பளந்தான்னு சொல்லுதிய" என்றேன்.

தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். இதுவரைக்கும் அவர் என்னை நிமிர்ந்து பார்த்ததில்லை. "பளம் இல்ல சிஸ்டர்," என்றார். "பளம்."

பழம் இல்லையாம், பழமாம்! "பளம் இல்ல, பளமா? என்ன, கிண்டலா?" என்று கேட்டுவிட்டேன். மூலையில் வசுமதி அசைந்தாள். கொம்பையாவின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. மறுபடி ஏதோ சொன்னார், அதுவும் கீழே பார்த்துக்கொண்டு. செருப்பை மாட்டப் பார்த்து, கட்டு போட்ட கால் அதில் நுழையாமல், அதைக் கையிலேயே எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போய்விட்டார்.

இது செட்டப். யோசிக்க யோசிக்கத் தெளிவாகிறது. டேப் ஓடுகிற நேரம் பார்த்து என்னைக் கோபப்படுத்த அந்த மனுஷனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இல்லையென்றால் பழுத்த மனுஷன் ஒருத்தர் பழம் இல்லை பழம் என்று பேசுவாரா?

ஆனால் விரல் கறுத்திருப்பது செட்டப் இல்லை. நானே கட்டுப் பிரித்துப் பார்த்தேன்.


பிப்ரவரி 12, வியாழன்

வேலையில் மனது ஒட்டவில்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போனது கண்ணிலேயே நிற்கிறது. எனக்கென்ன வந்தது? கேட்காதவர் கேட்கவில்லை.


பிப்ரவரி 17, செவ்வாய்

கொம்பையா வரவில்லை. டோக்கன் போடுகிற இடத்துக்கு நாலைந்து தடவை போய்ப் பார்த்துவிட்டேன். போன வாரமே கறுப்பு விரல். இந்த வாரம் எதுவரைக்கும் ஏறியிருக்கிறதோ.

தாடிக்காரர் முழுச் சவரம் செய்துகொண்டு வந்திருக்கிறார். மீசைகூட இல்லை. பெண் பார்க்கப் போகிறாரோ என்னவோ. ஆனால் இன்றைக்கு அவர் பேசியது நன்றாகவே புரிந்தது.

வகுப்பு முடிந்து, என்னை மட்டும் இருக்கச் சொன்னார்கள். சரி, சீட்டைக் கிழிக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வசுமதி நாற்காலியை எனக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டாள். "போன வாரம் நடந்ததைப் பத்திப் பேசலாமா சிஸ்டர்? வேண்டாம்னா விட்டுடலாம்" என்றாள்.

"பேசுங்க, அதுக்குத்தான வந்திருக்கிய" என்றேன்.

"கொம்பையா என்ன சொன்னார்னு உங்களுக்குக் கேட்டது?"

"பளம்னாரு. எல்லாருக்குந்தான் கேட்டுது."

கார்வண்ணன்தான் பதில் சொன்னார். "எனக்கு 'பயம்'னு கேட்டுச்சு, சிஸ்டர். பயந்தான், சிஸ்டர். பழம் இல்ல, பயம். நான் தப்பாவும் கேட்டிருக்கலாம். வேணும்னா டேப்பைப் போடறேன், நீங்களே கேளுங்க."

டேப்பில் எதையும் மாற்றலாம், இந்தக் காலத்தில் என்னதான் செய்ய முடியாது? வேண்டாம் என்றேன். வசுமதி, "நீங்க அவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னீங்க பாருங்க, அதனாலதான் அவரால 'இல்லை'ன்னு சொல்ல முடிஞ்சது" என்றாள். பாராட்டுகிறாளாம். கடைசியில், "காதை ஒரு தடவை டெஸ்ட் பண்ணிக்கறதைப் பத்தி என்ன நினைக்கறீங்க?" என்று கேட்டாள்.

"பாக்கலாம்" என்றேன். நம் ஊரில் பாக்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். சென்னையிலும் அப்படித்தான் போலிருக்கிறது, அதற்கு மேல் அவள் பேசவில்லை.

எனக்கு ஒன்றுமில்லை. மாஸ்க் வந்த நாளிலிருந்து ஊரே வாய்க்குள் பேசுகிறது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?


பிப்ரவரி 18, புதன்

காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அவரைக் கூப்பிட்டு எனக்குப் பின்னால் நிற்கச் சொன்னேன். "பழம், பயம், ரெண்டுல எதையாவது ஒண்ணச் சொல்லுங்க. மாத்தி மாத்திச் சொல்லுங்க. கத்தாம, சாதாரணமா" என்றேன். என்ன ஏது என்று அவர் கேட்கவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

சொன்னார். "பழம்" என்றேன். சொன்னார். "பழம்." மறுபடி சொன்னார். "பழம்." அவர் நிறுத்துகிற வரைக்கும் எனக்குப் பழமாகவேதான் கேட்டுக்கொண்டிருந்தது. சரி, என்னை ஆழம் பார்க்க ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று திரும்பினேன்.

மனுஷன் கண் கலங்கி நிற்கிறார்.

"எத்தன பழம் சொன்னிய?"

"பழமே சொல்லல புஷ்பம். எல்லாம் பயந்தான்."

தோசை கருகிவிட்டது. அடுப்பை அணைத்தேன். அவர் என் முகத்துக்கு நேரே வந்து நின்று பேசினார். "ரெண்டு வருசமா நான் கத்திக்கிட்டுத்தான இருக்கேன். கோவம்னு நெனச்சிட்டியோ?"

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேம்மா. நீதான் கேக்கல."

இதைச் சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. அப்புறம் ரெண்டு பேரும் அழுதோம். மகள் போனில் மாடிப்படியில் பேசியது என்னவென்று இப்போது சொன்னார். எந்த டாக்டரிடம் காட்டலாம், என்னிடம் யார் சொல்வது என்பதைத்தானாம்.

வேலைக்குப் போகவில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் காய்ச்சல் இல்லாமல் லீவு எடுத்தது இன்றைக்குத்தான். ஒரே யோசனையாக இருக்கிறது. கொம்பையா ஒருத்தர் மாட்டிக்கொண்டார், தெரிந்தது. தெரியாமல் போனவர்கள் எத்தனை பேரோ? யார் யார் தரையைப் பார்த்துக்கொண்டு என்னென்ன சொன்னார்களோ, நான் எதைக் கேட்டு எதற்குத் திட்டினேனோ? மருந்து அளவில் தப்பு செய்திருக்க மாட்டேன், அதை எப்போதும் எழுதித்தான் வாங்குவேன். அது மட்டும் நிச்சயம். நிச்சயம்தானா என்று இன்னொரு தடவை யோசித்தேன். நிச்சயம்தான்.


பிப்ரவரி 20, வெள்ளி

காலையில் பிரிஸில்லாவைத் தனியாகக் கூப்பிட்டேன். "ஏட்டி, எம் பின்னாடியே நிக்கியே, எதுக்கு?" என்றேன். முதலில் மழுப்பினாள். அப்புறம், "டாக்டரு சொல்லுதது ஒங்களுக்கு விளங்காமப் போயிரக் கூடாதுன்னுதான் சிஸ்டர்" என்றாள். மருந்து அளவை எழுதியே கொடுக்கும்படி டாக்டர்களிடம் கேட்டுக்கொண்டதும் அவள்தானாம். நானல்லவா அது என் கட்டுப்பாடு என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்! நாற்காலிக்குக் கண் வைத்தவள் என்று இதே டைரியில் எழுதியிருக்கிறேன். அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

கொம்பையாவுக்குப் போன் போடச் சொன்னேன். அவள் பேசினாள், எனக்குத் திருப்பிச் சொன்னாள். அவர் மனைவி பேச்சித்தாய்தான் எடுத்தாள். ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாராம். காலில் பாலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறாராம். அவரிடம் கொடுக்கச் சொன்னதற்கு, வாங்கி ஒரே வார்த்தை பேசிவிட்டு வைத்துவிட்டார்.

"என்ன சொன்னாரு?"

"பாக்கலாம்னு சொல்லுதாரு, சிஸ்டர்."

நானும் அவளும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

சாயங்காலம் டூட்டி முடிந்து, சேலையைக்கூட மாற்றாமல் பரோட்டாக் கடைக்குப் போனேன். காது கேட்காத ஒருத்தி போகக் கூடாத இடம் உலகத்தில் உண்டென்றால் அது சாயங்கால நேரத்துப் பரோட்டாக் கடைதான். கொத்து பரோட்டா போடுகிற சத்தம் மண்டைக்குள் இறங்குகிறது. கல்லுக்கு முன்னால் கொம்பையா நின்றிருந்தார். வலது காலில் பாலித்தீன் பை. என்னைப் பார்த்ததும் மாவை அடிக்கிற கை நின்றது.

"திட்ட வரல கொம்பையா" என்றேன். வீட்டுக்காரரைத் தவிர யாரிடமும் இதை நானாகச் சொன்னதில்லை. பக்கத்தில் சாப்பிடுகிறவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள். "எனக்குக் காது சரியாக் கேக்காது. நீங்க அன்னைக்குச் சொன்னது எனக்கு வேற மாதிரி கேட்டுட்டு. என் தப்பு. இன்னொரு மட்டம் சொல்லுங்க. என் மூஞ்சியப் பாத்து, சத்தமாச் சொல்லுங்க."

அவர் உதடு அசைந்தது. கொத்துச் சத்தத்தில் எனக்கு ஒன்றுமே விழவில்லை. காதில் கையை வைத்துக் காட்டினேன்.

"பயமா இருக்கு, சிஸ்டர்!"

கத்திவிட்டார். கொத்து நின்றுவிட்டது. பிய்த்த பரோட்டா கையிலிருக்க எல்லோரும் அப்படியே பார்க்கிறார்கள். அந்த ஆறடி மனுஷன், கையெல்லாம் மாவோடு, ஊரறியத் தன் பயத்தைச் சொல்லிவிட்டு நிற்கிறார். இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவர் எத்தனை வாரம் என் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார்!

கல்லை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு என் எதிரே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். என் முகத்துக்கு நேரே, உரக்கவே பேசினார். "எங்க அண்ணனுக்கும் விரல்னுதான் சொன்னாவ. மொதல்ல ஊசி. பொறவு விரல், பொறவு பாதம், பொறவு முட்டுக்கு மேல. கடைசில ஆளே இல்ல. அந்த ஊசியக் கையில எடுத்தாலே எனக்கு அண்ணன் மொகந்தான் தெரியுது. நான் நின்னாத்தான சிஸ்டர் வீட்டுல சோறு."

என் வாயில் இருபத்தெட்டு வருஷத்துப் பிரசங்கம் முழுசும் தயாராக இருந்தது. உங்க அண்ணன் செத்தது ஊசியாலா, ஊசி போடாததாலா என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன். ஒன்று சொல்லிக்கொள்கிறேன், பிரசவ வார்டில் இரட்டைப் பிள்ளை எடுப்பது இதைவிடச் சுலபம்.

"விரல்ல கத்திய வச்சா அது அங்கன நிக்காதுன்னு பயப்படுதிய" என்றேன்.

"ஆமா சிஸ்டர்." மூச்சு விட்டார். "ஆமா."

அவர் தன் காலையே பார்த்தார். அப்புறம் நினைவு வந்தவர் மாதிரி தலையைத் தூக்கி என்னைப் பார்த்துக் கேட்டார்: "இப்பமே எடுத்தா, விரலோட நிக்குமா?"

"ஒரு விசயம் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

"சத்தியம் பண்ண மாட்டேன். இப்பம் எடுத்தா, ஊசியும் ஒழுங்காப் போட்டா, நிக்கதுக்கு நெறைய வாய்ப்பிருக்கு. தள்ளிப்போட்டா டாக்டரே பாதத்தத்தான் பாப்பாரு."

"நீங்க கூட இருப்பியளா?"

"இருப்பேன்."

"செவ்வாக்கெழம வாரேன்" என்றார். பாக்கலாம் என்று சொல்லவில்லை. வாரேன் என்றார். நான் கிளம்பும்போது பார்சல் ஒன்றைக் கட்டிக் கையில் கொடுத்துவிட்டார், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரும் நானும் சாப்பிட்டோம். சால்னா நன்றாகத்தான் இருந்தது.


பிப்ரவரி 24, செவ்வாய்

வந்தார். விரலை எடுத்தாயிற்று. முழு மயக்கம் இல்லை, இடுப்பில் ஊசி என்பதால் முழித்துக்கொண்டுதான் இருந்தார். தியேட்டரில் எல்லோருக்கும் மாஸ்க், எனக்கு எவர் பேச்சும் விளங்கவில்லை. அவர் கையை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு விரலோடு நிற்குமா என்பது கட்டுப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

மேட்ரனிடம் என் காதைப் பற்றிச் சொல்லிவிட்டேன். பீரோ பக்கம் திரும்பாமல் என்னைப் பார்த்தே சொன்னார்: "டெஸ்ட் பண்ணிட்டு வா, பொறவு பேசுவோம்." பேசுவோம் என்றால் என்ன அர்த்தமோ. எனக்கு அது பாக்கலாம் மாதிரியே கேட்கிறது.


மார்ச் 3, செவ்வாய்

கட்டைப் பிரித்தார்கள். சதை சிவப்பாக, சுத்தமாக இருக்கிறது. பாதத்துக்கு ஒன்றுமில்லை. சர்ஜன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். பேச்சித்தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கொம்பையா ஊசியைத் தானே போட்டுக் காட்டினார். "இன்னும் பயமிருக்கா?" என்று கேட்டேன். "இருக்கு சிஸ்டர்" என்று வார்டு அதிரச் சொன்னார். இனி என்னிடம் மெதுவாகப் பேச மாட்டார் போலிருக்கிறது.

சென்னை ஆட்கள் நாளைக்குக் கிளம்புகிறார்கள். அந்தப் பதிவுகளையெல்லாம் அழித்துவிட்டோம் என்றார்கள். நம்பலாமா என்று தெரியவில்லை. கார்வண்ணனுக்குத் தாடி மறுபடி முளைக்க ஆரம்பித்திருக்கிறது. எனக்காகத்தான் எடுத்தாரா என்று கேட்க வாய் வரவில்லை.


மார்ச் 6, வெள்ளி

காது டெஸ்ட். வீட்டுக்காரரும் கூட வந்தார், வெளியே உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். எந்தச் சத்தமும் இல்லாமல் நெடுநேரம் போனது. மெஷின் வேலை செய்யவில்லை போல என்று முதலில் நினைத்தேன். அப்புறம் கூண்டுக்கு வெளியே டெஸ்ட் எடுக்கிற பெண்ணின் கை ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிக்கொண்டே போவதைப் பார்த்தேன்.

முடிந்ததும் அவள் மாஸ்கைக் கழற்றிவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள். ரெண்டு காதுக்கும் மெஷின் வைக்க வேண்டுமாம். "ரொம்ப நாளா இருந்திருக்கும்மா இது. நீங்களே ஆஸ்பத்திரிலதான இருக்கிய, ஏம்மா இத்தன நாளு வரல?" என்றாள்.

'ஏன்' என்று கேட்கக் கூடாது என்று இவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வேலை, நேரமில்லை, மாஸ்க், ஊர் வாய்க்குள் பேசுகிறது, எல்லாப் பதிலும் என்னிடம் இருந்தது. தரையைப் பார்த்தேன். பச்சை மொசைக்.

"பயந்தான்" என்றேன்.

"என்னம்மா? கேக்கல."

தலையைத் தூக்கி, அவள் முகத்தைப் பார்த்து, இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.